நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று தாள் கேட்டது. கேள்விக்குக் கீழே ஒரு கோடு. சங்கரவடிவு பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டாள். நேற்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் கம்பு தோசை இரண்டு, கையகலம்தான், தேங்காய் சேர்க்காத புதினாத் துவையல் இரண்டு கரண்டி, அதுவும் சின்னக் கரண்டி, அவித்த பாசிப்பயறு ஒரு கிண்ணம், எட்டு மணிக்கு. எட்டு ஐந்து ஆகிவிட்டால் அடுக்களை வாசலில் ஒரு தொண்டைச் செருமல் கேட்கும். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் அது அவள் புருஷன் காந்திமதிநாதன் சாப்பிட்டது. அவர் தாளை அவர் ஐந்தே நிமிடத்தில் எழுதி, மணியும் அளவும் போட்டு, அடியில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்தில் ஆறு சுற்று நடக்கப் போயிருக்கிறார். கையெழுத்து யாரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த கை, எழுதினால் கையெழுத்துப் போடாமல் நிற்காது. இந்தத் தாளின் தலையிலோ, 'சங்கரவடிவு, வயது 56' என்று இங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் பெனிட்டா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூலையில் சிவப்பு மையில் 218. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் இருந்த சர்க்கரையின் எண் அது. அவருக்கு 104. நர்ஸ் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பரீட்சையில் பாஸான பிள்ளையின் சந்தோஷம் தெரிந்தது. வடிவுக்கும் சந்தோஷம்தான். மாரடைப்பு வந்து நெஞ்சில் குழாய் வைத்த மனுஷன். பதினாலு மாசமாக அவள் ஊறவைத்து, அரைத்து, அவித்து, உப்பைக் குறைத்து, எண்ணெயைத் துடைத்துக் கொண்டுவந்த எண் அது. 218-ம் அவள் சமையலில் வந்ததுதான் என்பது அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

சரி, நேற்றைய காலையை விடு, இன்றைய காலை தெரிகிறதா? அது தெரிகிறது, ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லையே. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் வீட்டிலிருந்தே டப்பா கட்டி எடுத்து வந்திருந்தாள். கேண்டீன் ஓரத்தில் கல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் டப்பாவைத் திறந்தார். மூன்று தோசை. "நீ?" என்று கேட்டார். கேட்கவில்லை என்று சொன்னால் பாவம். "நீங்க சாப்பிடுங்க, நான் பொறவு சாப்பிடுதேன்" என்றாள். இந்த வார்த்தையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! அது வாயிலேயே இருக்கிறது, கேள்வி முடிவதற்குள் வந்து விழுந்துவிடுகிறது. அவர் இரண்டு சாப்பிட்டு ஒன்றை வைத்தார். "இத நீ போட்டுக்க" என்றார். அவள் அந்த ஒரு தோசையைத் துவையல் ஒட்டியிருந்த மூடியில் வழித்துத் தின்றாள். பிறகு தலை கிறுகிறுவென்று வந்ததால் கேண்டீனில் ஒரு டீ, சீனி போட்டதுதான், சீனி இல்லாமல் வேண்டும் என்று சொல்ல அந்த நேரத்தில் தெம்பு இல்லை, அதோடு ஒரு ரஸ்க். வீட்டிலிருந்து கிளம்பும்போது தனக்கென்று அவள் ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. மறந்துபோகவில்லை. எடுத்துவைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. தாளில் இன்றைக்கு என்று ஒரு வரி இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நேற்றை அல்லவா கேட்கிறது.

நேற்றுக் காலை முதலில் காப்பி. காப்பி என்றால் கலந்து குடித்த காப்பி இல்லை, அவர் டம்ளரில் அடியில் மிஞ்சியது. அவர் முக்கால் டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது. அவளோ கைக்கணக்கில் முழு டம்ளர் போட்டுவிடுவாள். கால் டம்ளரைக் கொட்டவா முடியும், பால் விற்கிற விலையில்? அப்புறம் கல்லில் முதலில் ஊற்றுகிற தோசை. கம்பு மாவு முதல் தோசைக்கு ஒருநாளும் எழும்பாது, பிய்ந்து போகும், அந்தப் பிய்ந்ததை வாயில் போட்டுக்கொண்டே அடுத்ததை ஊற்றுவாள். அது ஒன்றா, இரண்டா? நேற்று இரண்டாவதும் பிய்ந்ததோ? மிக்ஸியில் ஒட்டியிருந்த துவையலை விரலால் வழித்தாள், அதற்கு வெறுவாயாக வேண்டாம் என்று முந்தின நாள் சோற்றில் ஒரு பிடி. முந்தின நாள் சோறு ஏது? அவருக்குச் சாமையும் வரகும். ரேஷன் அரிசி மாசாமாசம் வருகிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனசு இல்லை, அவளுக்கும் இல்லை, பூச்சி விழுவதற்குள் தீர்க்க வேண்டுமே என்று வடிவு தனக்கு ஒரு உழக்கு வடித்துக்கொள்வாள். ஒரு ஆளுக்கு ஒரு உழக்கு தாராளம். மிஞ்சும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுவாள். காலையில் அது இருக்கும். இருப்பதைத் தின்ன வேண்டும். இப்படி எதை எடுத்தாலும் அதற்கு முந்தின நாளுக்குப் போகிறது, நேற்றில் நிற்க மாட்டேன் என்கிறது. அவள் பேனாவைக் கோட்டின் மேல் வைத்து ஒரு புள்ளி மட்டும் வைத்தாள்.

அப்புறம் அல்வா. இதை நினைக்காமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. போன வாரம் டிப்போ சிநேகிதர் ஒருத்தர் அவரைப் பார்க்க வந்தவர் அரைக்கிலோ வாங்கிவந்து வைத்துவிட்டார். நெஞ்சில் குழாய் வைத்தவனைப் பார்க்க அல்வாவோடு வருகிற ஊர் இது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கே இருப்பவர்களுக்கும் சர்க்கரை. குப்பையில் போட முடியுமா, நெய் சொட்டச் சொட்ட? ஃபிரிட்ஜில் ஏறியது. கீரை எடுக்கத் திறக்கும்போது ஒரு விரல் அகலம். மோர் எடுக்கத் திறக்கும்போது ஒரு விரல் அகலம். இன்னும் நாலு நாளில் தீர்ந்துவிடும், தீர்ந்துவிட்டால் பிரச்சனை இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டே தின்றாள். வீணாகக் கூடாது என்றுதான் தின்றாளா? பொய் சொல்லாதே வடிவு, இங்கே யாரும் கேட்கவில்லை. நேற்றுப் பதினோரு மணிக்கு, வாழைத்தண்டில் நார் எடுத்து எடுத்து விரல் கறுத்துப்போய் நின்றபோது, அந்த அல்வாத் துண்டு நாக்கில் பட்டதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாளே! அந்த வீட்டில் யாரும் அளவு சொல்லாத, யாருக்கும் நல்லது செய்யாத ஒரே பண்டம் அது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் நின்றுகொண்டே, ஃபிரிட்ஜ் கதவை முட்டியால் தாங்கிக்கொண்டே தின்றாள்.

மதியம் என்று அடுத்த கோடு. மதியம் 12.45. 12.50-க்குள் போட்டோ வந்துவிட வேண்டும் என்று ஓசூரில் இருக்கிற மகள் கோமதி சொல்லியிருக்கிறாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மகள் வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கிவிட்டாள், 'அப்பா தட்டு' என்று. மூன்று வேளையும் தட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். பாதித் தட்டு காய், கால் தட்டு பயறு, கால் தட்டு சிறுதானியம். முதலில் வடிவுக்குப் படம் கோணலாக விழும், இப்போது நன்றாக வருகிறது, கீரையைக் கிண்ணத்தில் வைத்தால் எடுப்பாகத் தெரியாது, தட்டிலேயே வைக்க வேண்டும் என்பதுவரை தெரியும். கோமதி ஒரு கைதட்டல் போடுவாள். மருமகன் கட்டைவிரல் போடுவார். சில நாள் 'அம்மா, காய் இன்னும் கொஞ்சம்' என்று வரும். 'சரி கண்ணு' என்று போடுவாள். நல்ல பிள்ளை, தகப்பன் மேல் உயிர். தகப்பன் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, மாத்திரை போட்டு, அரை மணி படுக்கப் போன பிறகு, அதே தட்டில் வடிவு தனக்குப் போட்டுக்கொள்வாள். கல்யாணத்தன்று அவர் சாப்பிட்ட இலையில் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டாள். பிறகு இலை போய் எவர்சில்வர் தட்டு வந்தது, வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை, கழுவுவதற்கு ஒரு தட்டு குறைகிறது, அவ்வளவுதான். அதே தட்டு. அதில் அவர் ஒதுக்கிய வாழைத்தண்டு, அவருக்குப் பிடிக்காத பாகற்காய், அதன் மேல் அவள் வடித்த வெள்ளைச் சோறு, சட்டியில் அடி ஒட்டிய சாம்பார். சில நாள் தட்டுக்குக்கூட வராது, சோற்றைச் சாம்பார்ச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து, சட்டியை மடியில் வைத்து. நேற்று தட்டா, சட்டியா? நேற்று எங்கே இருந்தாள்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். முந்தாநாள் தெரிகிறது, கரண்ட் இல்லாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். நேற்று ஒன்றுமே தெரியவில்லை. ஒரு வேளைச் சோறு உள்ளே போயிருக்கிறது, போனதற்கு ஒரு சாட்சி இல்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

தன் கால் பற்றி நினைக்கக் கூடாது என்று வந்ததிலிருந்து இருக்கிறாள். இடது கால், சுண்டுவிரலுக்குக் கீழே, அடிப்பக்கம். நாற்பது நாள் இருக்கும். அடுக்களைத் தரையில் சிவப்பாக ஒரு பொட்டு கிடந்தது, பீட்ரூட் என்று நினைத்துத் துடைத்தாள். அன்றைக்குப் பீட்ரூட் நறுக்கினதும் உண்மை. மறுநாள் பூசணிக்காய், மறுநாளும் பொட்டு. அப்புறம்தான் காலைத் திருப்பிப் பார்த்தாள், செருப்புக் கடித்த இடம் திறந்து கிடந்தது. வலி இல்லை. ஒரு முள் குத்தினால்கூட ஐயோ என்கிற உடம்பு, இவ்வளவு பெரிய புண்ணுக்கு வாயே திறக்கவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டாள், பழைய வேட்டித் துணியில் கிழித்துக் கட்டினாள், சேலையை இரண்டு விரல் இறக்கிக் கட்டினாள். ஆறுகிற மாதிரி ஓரத்தில் வெளுக்கும், திரும்ப நடுவில் ஈரமாகும். கூடப்பிறந்த ஆவுடை அக்காவுக்கும் இதே சர்க்கரைதான், வலது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்ததைப் பார்த்துக்கொண்டு வடிவு என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டியாக்கா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அக்கா ஒன்றரை வருஷம்தான் உயிரோடு இருந்தாள். எடுத்துவிடுவார்கள். என்னையும் எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அவருக்கு யார் கம்பு அரைப்பார்கள் என்றுதான் அடுத்த நினைப்பு ஓடியது. ஓடியதும் அவளுக்கே தன் மேல் ஆத்திரம் வந்தது. கால் போகுமே என்று அழக்கூட நேரம் இல்லாமல் அங்கேயும் சமையல்தானா!

"எழுதிட்டீங்களாம்மா?" பெனிட்டா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும், வெள்ளைக் கோட்டு, நெற்றியில் ஒன்றும் வைக்காத சுத்தமான முகம். "எழுதுதேம்மா." "உள்ளத உள்ளபடி எழுதுங்கம்மா. நாங்க ஏச மாட்டோம். அதப் பாத்துதான் டாக்டர் மருந்து முடிவு பண்ணுவாங்க." அவள் போய்விட்டாள். அதுதான் விஷயம். அதைப் பார்த்துத்தான் மருந்து. மூன்று மாசத்துக்கு முன்னால் இதே பெண், இதே கேள்வியை வாயால் கேட்டாள். அவர் பக்கத்தில் இருந்தார். வடிவு வாய் திறந்ததும் அவர் சாப்பாடு வரிசையாக வந்துவிட்டது, கம்பு, கேழ்வரகு, சாமை, பாதித் தட்டு காய். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த சாப்பாடு அதுதான். "சூப்பர்மா, எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றாள் பெனிட்டா. அவர் பெருமையாகத் தலையாட்டினார். டாக்டர் யோசித்தார். சாப்பாடு இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஏறுகிறது என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று கூட்டினார். அடுத்த தரமும் இறங்கவில்லை என்றால் ஊசி என்றார். டாக்டர் மேல் என்ன தப்பு? இல்லாத சாப்பாட்டுக்குக் கணக்காக மருந்து எழுதினார். பிறகு ஒருநாள் காந்திமதிநாதன் திருச்செந்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார், இரண்டு நாள். வீட்டில் மிச்சம் வைக்க ஆள் இல்லை. தனக்கு மட்டும் என்னத்தைக் காய்ச்ச என்று ஒரு காப்பியோடு இருந்தாள், மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்து ஊற்றியது, கை ஆடியது, அடுக்களைச் சுவர் தள்ளித் தள்ளிப் போனது. எப்படி சீனி டப்பாவைத் திறந்தாள் என்று தெரியாது, தரையில் உட்கார்ந்து கைநிறைய அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், பாதி மாரில் கொட்டியது. வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. செத்திருந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும். எழுந்து, எறும்பு வராமல் தரையைப் பெருக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அப்படியானால் எழுது. என்ன தடுக்கிறது? வெட்கம் தடுக்கிறது. ஒரு வீட்டுக்காரி, ஐம்பத்தாறு வயசுக்காரி, மிச்சம் மீதியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று தாளில் எழுதிக் கொடுக்கவா? அவர் அவளைப் பட்டினி போட்டதுபோல் ஆகிவிடாதா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே. ஆனால் வெட்கம்கூட அவ்வளவு பெரிதில்லை. எழுதிக் கொடுத்தால் பெனிட்டா என்ன செய்வாள்? அழகாக ஒரு பட்டியல் போட்டுத் தருவாள். காலையில் இது, பதினோரு மணிக்கு இது, மதியம் அளந்து இவ்வளவு. கோமதி 'அம்மா தட்டு' என்று இன்னொரு குரூப் தொடங்குவாள். அவருக்கு ஆகிற வாழைப்பழம் இவளுக்கு ஆகாது, இவளுக்கு ஆகிற கடலை அவருக்கு ஆகாது. இரண்டு பட்டியல், இரண்டு அடுப்பு, இரண்டு போட்டோ. அத்தனையும் யார் செய்வது? இவள்தான். ஏற்கெனவே விடிகாலை நாலரைக்கு எழுகிறவள் இனி நாலு மணிக்கு எழ வேண்டும், தன் உடம்பு நன்றாக இருப்பதற்காக. மிச்சத்தைத் தின்பதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் சமைக்க வேண்டியதில்லை. ஊசி என்றால் ஊசி, போட்டுக்கொண்டு போகலாம், தினம் ஒரு குத்து, அது சமையலைவிட லேசு. அவர் சாப்பாட்டையே எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் ஊசி மருந்தும் இல்லாத சாப்பாட்டுக்குத்தானே அளப்பார்கள்? மாத்திரைக்கே சுவர் நகர்ந்தது. ஊசிக்கு? தாழ்ப்பாள் போடாமல் இருந்துகொள்ளலாம் என்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பேனா மை காய்ந்திருக்குமோ என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள், எழுதியது.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது காந்திமதிநாதன் வந்தார். நடந்த வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தவர் தாளைப் பார்த்தார்.

"என்னளா, இன்னும் வெறுந்தாளா வச்சிருக்க?"

"எழுத வரல."

"இதுல என்ன வராம இருக்கு. கொண்டா." பேனாவை வாங்கி, தாளைத் தொடையில் வைத்து நீவி, எழுத ஆரம்பித்தார். காலை 8.00. கம்பு தோசை 2.

"அது நீங்க சாப்பிட்டது."

"நீ மட்டும் தனியா விருந்தா சாப்பிடுத? ஒரே அடுப்பு, ஒரே தட்டுதான ரெண்டு பேருக்கும்." அதில் கேலி கிடையாது. அவர் அதை மனதார நம்பினார். மதியம் 12.45. சாமைச் சோறு 1 கப். வாழைத்தண்டுக் கூட்டு. எழுத்து வரிவரியாக, அச்சு மாதிரி இறங்கியது. வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வரி எழுதினால் அவளுடைய நேற்று முடிந்துவிடும்.

"நேத்து மத்தியானம் நான் எங்க இருந்து சாப்பிட்டேன்?" என்று கேட்டாள்.

"எங்கயா? வீட்லதான்."

"வீட்ல எங்க?"

"அடுக்களையில."

"அடுக்களையில எங்க? உக்காந்தா, நின்னுக்கிட்டா? என்ன சாப்பிட்டேன்?"

பேனா நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்கும் சுலபம், சும்மா கேட்டேன் என்று சொல்லி விட்டிருப்பாள். அவர் கோபப்படவில்லை. தேடினார். எந்த வண்டி எந்த நிமிஷம் டிப்போவுக்குள் வந்தது என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடிய மனுஷன், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நேற்று மதியத்தில் தன் பெண்டாட்டியைத் தேடினார். உதடு இரண்டு தரம் அசைந்தது.

"தெரியலயே" என்றார்.

"எனக்கும் தெரியல. ஒரு மணி நேரமா அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

அவர் பேனா மூடியை மாட்டினார். உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்ததில் இடது கால் சரியாக ஊன்றவில்லை, சாய்த்து வைத்து ஒரு எட்டு நொண்டினாள்.

"கால்ல என்ன?"

"புண்ணு. நாப்பது நாளாச்சி" என்றாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை, நின்றால் அங்கேயே அழுதுவிடுவோம் என்று இருந்தது.

ரத்தம் எடுத்த பிறகு பெனிட்டாவின் அறை. தாளை நீட்டினாள். பெனிட்டா வாங்கிப் பார்த்து, எழுத்தைப் பார்த்து, நிமிர்ந்தாள். "இது ஐயா எழுத்துல்லா?" "அது அவரு தாளு. வேற ஒண்ணு எடும்மா, நான் சொல்லுதேன், நீ எழுது. மொதல்ல இதப் பாரு." கட்டை அவிழ்த்துக் காலைத் திருப்பிக் காட்டினாள். பெனிட்டா முகம் மாறிற்று. எழுந்து போய் நர்ஸைக் கூட்டிவந்தாள், நர்ஸ் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனாள். "வேற எங்கயும் போயிராதீங்கம்மா, இன்னைக்கே பாத்துருவாங்க." "காலு போயிருமா?" என்று வடிவு நேராகவே கேட்டாள். "டாக்டர்தாம்மா சொல்லணும். இப்பவாச்சும் காட்டினீங்களே" என்றாள் பெனிட்டா. அது பதில் இல்லை என்று வடிவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டதில் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது.

பிறகு சொன்னாள். டம்ளர் அடியில் இருந்த காப்பி, பிய்ந்த தோசை, மிக்ஸித் துவையல், பழைய சோறு, அல்வா, மறுபடி அல்வா. மதியம் ஞாபகம் இல்லை என்றே எழுதச் சொன்னாள். சீனி டப்பாவைத் திறந்த அந்த நாளையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை, குரலும் உயரவில்லை, உயர்த்த அவளிடம் தெம்பு இல்லை. காந்திமதிநாதன் கதவுப் பக்கம் வந்து நின்றது அவளுக்குத் தெரியும். பெனிட்டா எழுதி முடித்துவிட்டு, ஏதோ பாடத்தில் படித்ததைக் கேட்கிறவளாக இல்லாமல், தனக்கே தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். "இதுல நீங்க பசிச்சு சாப்பிட்டது எதும்மா?"

வடிவு யோசித்தாள். காலையிலிருந்து இரவுவரை போய், திரும்பி வந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "எனக்குப் பசிச்சே எவ்வளவோ நாளாச்சி."

பெனிட்டா எழுதவில்லை. கதவுப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு காந்திமதிநாதன் உள்ளே வந்தார். உட்காரவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதிகாரி முன்னால் தப்பை ஒத்துக்கொள்கிறவர்போல் நின்றார்.

"நேத்து சாயந்தரம் ஆறு இருவது இருக்கும்மா. கோயில்ல சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க. எனக்குத்தான் ஆகாதேன்னு, தொன்னையோட கொண்டாந்து இவ கையில குடுத்தேன். வாசல்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டா. அதையும் எழுதிக்கம்மா" என்றார்.

வடிவுக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை.